ரிம் கண்ணுக்கு, டயர் உயிருக்கு

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கிறது. கிள்ளானில் ஒரு டயர் கடை. வேலைக்குச் சேர்ந்து முதல் போனஸ் கையில் வாங்கிய ஓர் இளைஞர், தம்முடைய மைவி காருடன் வந்து நிற்கிறார். சுவரில் வரிசையாகத் தொங்கும் ஸ்போர்ட் ரிம்களில் ஒன்று அவர் கண்ணைப் பறிக்கிறது.

"அண்ணே, இந்த ரிம் மைவிக்குப் போடலாமா?"

"தாராளமா போடலாம் தம்பி. போல்ட் ஓட்டை சரியாத்தான் இருக்கு. டயரும் கைவசம் இருக்கு."

ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. காரின் தோற்றமே மாறிவிடுகிறது. வீட்டைச் சுற்றி இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்க்கிறார். எந்தக் குறையும் தெரியவில்லை. பண்டிகைக்கு முதல் நாள் அப்பா, அம்மா, பாட்டி, தங்கை எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, பூட் நிறையப் பலகாரமும் துணிமணியுமாக வடக்கே புறப்படுகிறார். நெடுஞ்சாலையில் ஒரு மேடு ஏறி இறங்கும்போது பின்பக்கத்திலிருந்து 'சர்ர்' என்று ஒரு சத்தம். "என்னப்பா சத்தம் அது?" என்கிறார் அப்பா. மகனிடம் பதில் இல்லை.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் நம்மவர்களில் எத்தனையோ பேருக்கு இது கேட்டுப் பழகிய சத்தம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. போல்ட் ஓட்டை சரியாகத்தான் இருந்தது. ஆனால் அது மட்டும் சரியாக இருந்தால் போதுமா? பிழை அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கார் சாலையைத் தொடும் இடம் எவ்வளவு தெரியுமா? ஒவ்வொரு டயருக்கும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம். அவ்வளவுதான். குடும்பம் மொத்தத்தையும் தாங்குவது, திருப்பத்தில் பிடித்து நிறுத்துவது, பிரேக் போட்டால் காரை நிறுத்துவது எல்லாமே அந்த நான்கு உள்ளங்கைகள்தாம். ஆகவே ரிம், டயர் மாற்றுவது சட்டை மாற்றுவது போன்றதல்ல. காலணி மாற்றுவது போன்றது. அளவு தவறினால் நடையே கெட்டுவிடும்.

கதவுத் தூணில் இருக்கும் ஜாதகம்

கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலைக்கு ஒரு காசும் செலவில்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். கதவுத் தூணில் ஒரு சிறிய ஒட்டுத்தாள் இருக்கும். அந்தக் காருக்கு உரிய டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் அச்சிடப்பட்டிருக்கும். அதுதான் காரின் ஜாதகம். அங்கே இல்லையென்றால் காருடன் கொடுத்த கையேட்டில் இருக்கும்.

அதில் 185/55 ஆர்15 82 வி என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது டயரின் பக்கச் சுவரின் உயரம். அது மில்லிமீட்டர் அல்ல, அகலத்தில் 55 விழுக்காடு என்று பொருள். 'ஆர்' என்பது ரேடியல் வகை டயர் என்பதைக் குறிக்கும். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 82 என்பது டயர் தாங்கக்கூடிய எடைக்கான குறியீடு. 'வி' என்பது அந்த டயர் தாங்கக்கூடிய வேகத்தின் குறியீடு, மணிக்கு 240 கி.மீ. வரை.

"நம் நாட்டில் 110 கி.மீட்டருக்கு மேல் ஓட்டவே அனுமதி இல்லையே, 240 எதற்கு?" என்று கேட்கலாம். வேகக் குறியீடு உயர்ந்த டயர், வெப்பத்தைத் தாங்கும் வகையில் கட்டப்பட்டது. நண்பகல் வெயிலில், முழு பாரத்துடன், மணிக்கணக்கில் நெடுஞ்சாலையில் ஓடும் டயருக்கு வெப்பம்தான் முதல் எதிரி. ஆகவே கார் நிறுவனம் குறித்துள்ள வேகக் குறியீட்டுக்குக் கீழே இறங்காமல் இருப்பதே நல்லது.

பெரோடுவா செய்து காட்டிய கணக்கு

பெரிய ரிம் போடவே கூடாதா? போடலாம். ஆனால் ஒரு கணக்கு உண்டு. அதை நம் கண் முன்னே செய்து காட்டியிருக்கிறது பெரோடுவா நிறுவனம். 2017ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் தலைமுறை மைவி காரில், 1.3 ரகத்துக்கு 14 அங்குல ரிம்மும் 175/65 டயரும் கொடுக்கப்பட்டன. 1.5 ரகத்துக்கு 15 அங்குல ரிம்மும் 185/55 டயரும் கொடுக்கப்பட்டன.

இப்போது காகிதமும் பேனாவும் எடுங்கள். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. 14 அங்குலம் என்றால் 355.6 மி.மீ. 175இல் 65 விழுக்காடு 113.75 மி.மீ. டயரின் பக்கச் சுவர் ரிம்முக்கு மேலும் உண்டு, கீழும் உண்டு; ஆகவே அதை இரண்டால் பெருக்கினால் 227.5. இரண்டையும் கூட்டினால் முழுச் சக்கரத்தின் விட்டம் 583 மி.மீ.

15 அங்குலத்துக்கும் இதே கணக்கைப் போட்டால் 584.5 மி.மீ. வருகிறது. வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்! ரிம் ஓர் அங்குலம் பெரிதானது. அதே அளவுக்கு டயரின் சுவர் குறைந்தது. முழுச் சக்கரம் கிட்டத்தட்ட மாறவே இல்லை. இதுதான் பொன் விதி. ரிம் வளர்ந்தால் டயர் சுவர் தாழ வேண்டும், மொத்த உயரம் மாறக் கூடாது. வித்தியாசம் 2 அல்லது 3 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது பட்டறைகளில் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை.

நம் கிள்ளான் இளைஞரின் 1.3 மைவிக்குக் கடையில் கைவசம் இருந்தது என்று போடப்பட்ட டயர் 205/50 ஆர்16 என்று வைத்துக்கொள்வோம். அதன் விட்டம் 611 மி.மீ. பழையதைவிட 28 மி.மீ. அதிகம். விழுக்காட்டில் ஏறத்தாழ 5. அதனால் என்ன ஆகும்?

மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே இருந்த இடைவெளியில் 14 மி.மீ. பறிபோகும். தனியாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. ஐந்து பேர் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்ததும் உரசும். வேக மீட்டரும் ஏமாற்றும். முன்பு சரியாகக் காட்டிய மீட்டர், இனி 110 என்று காட்டும்போது கார் 115 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கேமராவிடம் "மீட்டரில் 110தான் இருந்தது" என்று சொல்லித் தப்ப முடியாது.

அதே 16 அங்குல ரிம்முக்கு 195/45 டயர் போட்டிருந்தால் விட்டம் 582 மி.மீ. அசல் அளவை ஒட்டியே இருந்திருக்கும். ரிம் ஒன்றுதான், அழகும் ஒன்றுதான். டயர் அளவு மட்டுமே வேறு.

ரிம்முக்கும் உண்டு பொருத்தம்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பது நம் வழக்கம். ரிம்முக்கு ஐந்து பார்த்தால் போதும். விட்டத்தைப் பற்றி ஏற்கெனவே பார்த்துவிட்டோம். மற்ற நான்கு இவை.

இரண்டாவது பொருத்தம், போல்ட் வட்டம். கடைகளில் 'பி.சி.டி.' என்பார்கள். 4 × 100 என்றால் நான்கு போல்ட்டுகள், அவற்றின் நடுப்புள்ளிகள் வழியே வரைந்த வட்டத்தின் விட்டம் 100 மி.மீ. என்று பொருள். மைவிக்கும் வியோசுக்கும் 4 × 100. கேம்ரி போன்ற பெரிய கார்களுக்கு 5 × 114.3. மெர்சிடிஸ் கார்களுக்கு 5 × 112. பார்ப்பதற்கு 114.3ம் 112ம் ஒன்றுபோலத் தெரியும். நட்டைப் பலமாக முறுக்கினால் ஏறியும்விடும். ஆனால் போல்ட்டுகள் வளைந்த நிலையில் நிற்கும், நாளாவட்டத்தில் நட்டு தளரலாம், போல்ட் முறியலாம். 'ஏறக்குறைய சரி' என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை.

மூன்றாவது, நடுத் துளை. காரின் சக்கர அச்சில் வட்டமான ஒரு மேடு உண்டு. ரிம்மின் நடுத் துளை அதன்மேல் கச்சிதமாக உட்கார வேண்டும். மைவிக்கு அந்த அளவு 54.1 மி.மீ. கடையில் விற்கும் ரிம்கள் பல கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக 73.1 மி.மீ. போன்ற பெரிய துளையுடன் வருகின்றன. அந்த இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் விற்கிறார்கள். விலை அதிகமில்லை. அதைப் போடாமல் விட்டால் ரிம் நடு மையத்திலிருந்து இம்மியளவு விலகி நிற்கக் கூடும். மெதுவாகப் போகும்போது தெரியாது. வேகம் 90, 100ஐத் தொடும்போது ஸ்டீயரிங் நடுங்கும். பேலன்சிங் மேல் பேலன்சிங் செய்தும் நடுக்கம் போகவில்லை என்று அலைகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

நான்காவது, ரிம்மின் அகலம். ஒவ்வொரு டயர் அளவுக்கும் இத்தனை அங்குலம் முதல் இத்தனை அங்குலம் வரை என்று ரிம் அகலத்துக்கு ஓர் எல்லை உண்டு. 185/55 ஆர்15 டயருக்கு 5 முதல் 6.5 அங்குலம் வரை. சில இளைஞர்கள் அகலமான ரிம்மில் குறுகிய டயரை இழுத்துக் கட்டி அழகு பார்க்கிறார்கள். குழியில் விழுந்தால் டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்று, காற்று ஒரே நொடியில் போய்விடும் ஆபத்து அதில் உண்டு.

ஐந்தாவது, ஆஃப்செட். அதிகம் பேர் கோட்டை விடுவது இங்கேதான். ரிம்மின் உட்புறத்தில் 'ஈ.டி. 45', 'ஈ.டி. 35' என்று பொறித்திருப்பார்கள். ரிம்மின் அகலத்துக்குச் சரிபாதியில் ஒரு கோடு வரைந்தால், அந்தக் கோட்டிலிருந்து போல்ட் பூட்டும் பரப்பு எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கமாக இருக்கிறது என்பதே அந்த எண். எண் குறையக் குறையச் சக்கரம் காருக்கு வெளியே தள்ளி நிற்கும். கூடக் கூட உள்ளே போகும்.

ஓர் உதாரணம். பழைய ரிம் 5.5 அங்குல அகலம், ஆஃப்செட் 45. புதிய ரிம் 7 அங்குல அகலம், ஆஃப்செட் 35. கணக்குப் போட்டால் புதிய ரிம்மின் வெளி விளிம்பு பழையதைவிட 29 மி.மீ. வெளியே வருகிறது. உள் விளிம்பு 9 மி.மீ. உள்ளே போகிறது. வெளியே மட்கார்டில் உரசலாம். உள்ளே அப்சார்பரில் இடிக்கலாம். எதிலும் படாவிட்டாலும், சக்கரம் வெளியே தள்ளி நிற்பதால் பேரிங் மீது சுமை கூடும், ஸ்டீயரிங் குணமும் மாறும்.

இந்த ஐந்தோடு நட்டையும் மறந்துவிடக் கூடாது. பெரோடுவா, டொயோட்டா, ஹோண்டா கார்களின் போல்ட் மரை 1.5 மி.மீ. இடைவெளி கொண்டது. நிசான், சுசுகி கார்களுக்கு 1.25. மாற்றிப் போட்டால் மரை அறுந்துவிடும். நட்டின் அடிப்பகுதியும் ரிம்மின் துளை வடிவத்துக்குப் பொருந்த வேண்டும். ஹோண்டா கார்களின் அசல் நட்டு உருண்டை வடிவில் உட்காரும். வெளியே வாங்கும் ரிம்கள் பெரும்பாலும் கூம்பு வடிவ நட்டுக்கு ஏற்றவை. பழைய நட்டையே போட்டு முறுக்கினால் இறுக்கமாக இருப்பதுபோல் தெரியும், ஆனால் பிடிமானம் இருக்காது. புதிய ரிம் போட்டு 50 முதல் 100 கி.மீ. ஓட்டிய பிறகு நட்டுகளை மீண்டும் ஒருமுறை சரிபார்ப்பது அவசியம்.

எடை தாங்கும் எண்

82 என்ற எடைக் குறியீட்டைப் பார்த்தோம் அல்லவா? அதன் பொருள் ஒரு டயர் 475 கிலோ தாங்கும் என்பது. 80 என்றால் 450 கிலோ. 84 என்றால் 500 கிலோ.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சற்று முன் நல்ல பொருத்தம் என்று பார்த்த 195/45 ஆர்16 டயர் சாதாரண ரகத்தில் 80 என்ற குறியீட்டோடு வருகிறது. அளவு சரி, ஆனால் தாங்கும் எடை அசலைவிடக் குறைவு! அதே அளவில் பலப்படுத்தப்பட்ட ரகம் ஒன்று உண்டு. அதன் பக்கச் சுவரில் 'எக்ஸ்.எல்.' என்று எழுதியிருக்கும், குறியீடு 84. வாங்க வேண்டியது அதைத்தான். அந்த ரகத்துக்கு எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்பதையும் கடையில் கேட்டறிய வேண்டும். சுவர் தாழ்ந்த டயரில் காற்று குறைந்தால் வெளித்தோற்றத்தில் எளிதில் தெரியாது. ஆகவே மாதம் ஒரு முறையும், நீண்ட பயணத்துக்கு முன்பும் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து பார்ப்பது நல்ல பழக்கம்.

ரிம்முக்கும் எடை வரம்பு உண்டு. தரமான ரிம்களில் அது பொறிக்கப்பட்டிருக்கும். ஜப்பானியத் தரத்தைக் குறிக்கும் 'ஜே.டபிள்யூ.எல்.', 'வி.ஐ.ஏ.' முத்திரைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். புகழ்பெற்ற ரிம்களின் தோற்றத்தை மட்டும் நகலெடுத்து விற்கப்படுபவையும் சந்தையில் உண்டு. எங்கே செய்தது, எந்தச் சோதனையில் தேறியது என்று சொல்ல முடியாத ரிம், குழியில் ஒரே ஒரு முறை இறங்கினால் விரிசல் விடக் கூடும்.

குழியும் மழையும்

நம் ஊர்ச் சாலைகளை நாம் அறிவோம். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, தோட்டப்புறப் பாதையிலோ கம்பத்துச் சாலையிலோ போனால் குழிக்குப் பஞ்சமில்லை. 14 அங்குல ரிம்மில் 175/65 டயரின் சுவர் 114 மி.மீ. உயரம். 16 அங்குல ரிம்மில் 195/45 டயரின் சுவர் 88 மி.மீ. மட்டுமே. குழியின் அடியை வாங்கிக்கொள்வது அந்தச் சுவர்தான். சுவர் தாழத் தாழ, அடி ரிம்முக்குப் போகும். பின்னிருக்கையில் இருக்கும் பாட்டியின் இடுப்புக்கும் போகும்.

மழையும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அகலமான டயர் காய்ந்த சாலையில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் சாலையில் தண்ணீர் தேங்கும்போது அகலம் கூடக் கூட, டயர் ஒதுக்கித் தள்ள வேண்டிய தண்ணீரும் கூடும். தள்ள முடியாவிட்டால் டயர் தண்ணீர்மேல் மிதக்கும். அப்போது ஸ்டீயரிங்கும் பேசாது, பிரேக்கும் பேசாது. தண்ணீரைத் தள்ளுவது டயரின் வரிப்பள்ளங்கள். பள்ளத்தின் அடியில் சிறு மேடுகள் தெரியும். அவை 1.6 மி.மீ. உயரமுள்ள தேய்மான அடையாளங்கள். டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. மாலைதோறும் மழை கொட்டும் நம் நாட்டில் அதுவரை காத்திருக்காமல் முன்கூட்டியே மாற்றுவது இன்னும் நல்லது.

வயதைப் பாருங்கள், சட்டத்தையும் பாருங்கள்

டயருக்கும் பிறந்த தேதி உண்டு. பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் கொண்ட ஓர் எண் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ரப்பர் கிடங்கில் கிடந்தாலும் முதுமை அடையும். "புது டயர்தான், மலிவு விலை" என்று கொடுத்தால் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள். ரிம்முடன் சேர்த்து இனாமாகக் கொடுக்கப்படும் பயன்படுத்திய டயரானால் இன்னும் கவனம் தேவை. உள்ளே ஒட்டுப்போட்டிருக்கிறதா, சுவரில் வீக்கம் உண்டா என்பது வெளியிலிருந்து பார்த்தால் முழுமையாகத் தெரியாது.

சக்கரம் மட்கார்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சாலைப் போக்குவரத்து இலாகாவிடமிருந்து சம்மன் வரலாம். சிங்கப்பூரிலும் சக்கரம் மட்கார்டுக்கு வெளியே நீளக் கூடாது என்பதே விதி. காப்புறுதி நிறுவனத்திடமும் ரிம் மாற்றியதைத் தெரிவித்துவிடுவது நல்லது. தெரிவிக்காத பொருள் திருடுபோனால் இழப்பீடு கேட்பது சிரமம்.

பணத்தை எதில் போடுவது?

பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்று உண்டு. கையிலிருக்கும் பணத்தில் முக்கால் பங்கை ரிம்முக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மிச்சத்தில் கிடைக்கும் டயரை வாங்கி மாட்டுகிறார்கள். முறை தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் நல்ல டயருக்குப் பணத்தை எடுத்து வையுங்கள். வளையம், நட்டு, பேலன்சிங், அலைன்மெண்ட் செலவையும் ஒதுக்குங்கள். மீதியில் எந்த ரிம் வருமோ அதை வாங்குங்கள். சாலையைத் தொடுவது ரிம் அல்ல.

மீண்டும் அந்தக் கிள்ளான் கடைக்கு வருவோம். இளைஞர் ஆசைப்பட்டதில் தவறே இல்லை. உழைத்துச் சம்பாதித்த பணத்தில் காரை அழகுபடுத்த நினைப்பது இளமையின் இயல்பு. "இது போடலாமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டதுதான் குறை. அந்தக் கேள்விக்கு எந்தக் கடையிலும் "போடலாம்" என்றுதான் பதில் வரும்.

அவர் கதவுத் தூணில் உள்ள அளவைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போயிருக்கலாம். "அண்ணே, மொத்த விட்டம் எவ்வளவு மாறும்? ஆஃப்செட் எத்தனை? நடுத் துளைக்கு வளையம் உண்டா? டயரின் எடைக் குறியீடு 82க்குக் குறையாமல் இருக்கிறதா?" என்று கேட்டிருக்கலாம். நல்ல கடைக்காரர் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். மாட்டி முடித்ததும் நான்கு நண்பர்களை ஏற்றிக்கொண்டு, ஸ்டீயரிங்கை இருபக்கமும் முழுமையாகத் திருப்பி, ஒரு வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கிப் பார்த்திருக்கலாம். உரசல் இருந்தால் கடை வாசலிலேயே தெரிந்திருக்கும். நெடுஞ்சாலையில், பாட்டி பின்னிருக்கையில் இருக்கும்போது தெரிய வேண்டியதில்லை.

அடுத்த பண்டிகைக்கு ஊருக்குப் புறப்படும் முன், ஐந்து நிமிடம் ஒதுக்கி உங்கள் காரின் கதவைத் திறந்து அந்த ஒட்டுத்தாளைப் படியுங்கள். பிறகு குனிந்து டயரில் உள்ள எண்களைப் படியுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதியாகப் புறப்படலாம். ஒத்துப்போகாவிட்டால், ஏன் என்று போர்மேனிடம் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.